கீரை ஏறிய பள்ளி வேன்

வேரோடு பிடுங்கிய கீரைக் கட்டுகளை ஒரு மூடிய வண்டிக்குள் அடுக்கி, கதவைச் சாத்திவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமென்று விரட்டிக்கொண்டு போனால், ஈரமண்ணும் பச்சை இலையும் சேர்ந்து ஒரு வாசனை கிளம்பும். மழை நின்றவுடன் செம்பனைக் காட்டுக்குள் நுழைந்தால் மூக்கில் ஏறுமே, ஏறக்குறைய அது மாதிரி. எங்கள் வேனில் அதற்கு முன்பு அப்படியொரு வாசனை இருந்ததில்லை. காய்ந்த ரெக்சின் இருக்கை, பிள்ளைகள் சிந்திய மைலோ, வியர்த்த காலுறை, யாரோ மறந்து விட்டுப்போன ரொட்டி, இவைதாம் அந்த வேனின் நிரந்தர வாசனைகள். என்னுடைய பன்னிரண்டாம் வயதில், பள்ளிகளெல்லாம் மூடிக்கிடந்த அந்தக் காலத்தில், அவை ஒவ்வொன்றாக விலகிப்போய், கீரை வந்து உட்கார்ந்துகொண்டது.

நாங்கள் ஜாசினுக்குச் சற்று வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எழுந்த ஒரு பழைய தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், இருந்தோம். வரிசையாக ஒட்டிக்கட்டிய ஒரு மாடி வீடுகள். முன்னால் ஒரு கார் நிற்கும் அளவு இடம், பின்னால் சமையலறைக் கதவைத் திறந்தால் ஒரு சாக்கடை, அதற்கு அப்பால் இரண்டு வரிசை வீடுகளுக்கும் பொதுவான ஒரு பின்சந்து. அப்பாவின் பெயர் மணியம். ஆனால் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, ‘வேன்காரண்ணன்’ என்றால்தான் தெரியும். விடிவதற்கு முன்பே கிளம்பி, தாமான்களிலும் தோட்டத்து வீடுகளிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் இருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிடுவார், மதியம் மறுபடியும் கொண்டுபோய் விடுவார். நானும் அந்த வேனில்தான் ஆறு ஆண்டும் போனேன். வண்டிக்காரர் மகள் என்பதால் எனக்கு முன் இருக்கை. அதை ஒரு பதவி மாதிரி வைத்துக்கொண்டு, பின்னால் சத்தம் போடுகிறவர்களைத் திரும்பிப் பார்த்து முறைத்துக்கொண்டிருப்பேன்.

கொரோனா பரவி, நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. முதலில் இரண்டு வாரம் என்றார்கள், அப்பாகூட, “நல்லதுலா, கொஞ்சம் தூங்குவோம்” என்று சிரித்தார். இரண்டு வாரம் நீண்டு மாதங்களானது. பள்ளிகள் திறந்தன, மூடின, மறுபடி திறப்பதாகச் சொல்லி மறுபடி மூடின. ஓடாத வேனுக்கு யார் பணம் கொடுப்பார்கள்? கேட்கவும் அப்பாவுக்கு மனசு வரவில்லை. வேனை வாசலிலேயே நிறுத்தி, பேட்டரி செத்துவிடக்கூடாது என்று தினமும் காலையில் கொஞ்ச நேரம் இயந்திரத்தை உறுமவிட்டு அணைப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் படுக்கையிலிருந்து எழுந்து பல் துலக்கப் போய்விட்டு, பிறகுதான் பள்ளி இல்லை என்பது நினைவுக்கு வந்து நான் நின்ற நாள்கள் உண்டு.

பின்சந்தில் முதலில் கை வைத்தவர் அம்மா. அதுவரை அது லாலான் புல்லும் உடைந்த ஓடுகளும் கிடந்த இடம். அம்மா ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் புல்லைக் கொத்திப் புரட்டி, பாசாரில் வாங்கிச் சமைத்தது போக மிஞ்சிய ‘கங்கோங்’ கீரைத் தண்டுகளைச் சும்மா செருகிவைத்தார். அது பிடித்துக்கொண்டது. தண்டங்கீரை விதையைத் தூவினார், அதுவும் வந்தது. பிறகு வெண்டை, பயத்தங்காய், கத்தரி. அப்பாவின் பழைய டயர்களுக்குள் மண்ணை நிரப்பி மரவள்ளிக் குச்சியை ஊன்றினார். மீன்காரர்கள் போட்டுவிட்டுப் போகும் வெள்ளைப் பெட்டிகளில் புதினா. அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், முட்டையோடு, காய்த்தோல் எல்லாம் பின்பக்கம் போயின. எங்கள் வீட்டில் குப்பை என்று ஒன்று இல்லாமலே போனது.

பக்கத்து வீட்டில் மலாய்க்காரரான மக்சிக் தீமா, அதாவது தீமா அத்தை, இருந்தார். கணவரை இழந்தவர், பிள்ளைகள் கோலாலம்பூரில். அவர் தன் பின்கதவு வழியாக அம்மாவை இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரு கைப்பிடி வெண்டை விதையோடு வந்து நின்றார். அம்மாவின் மலாயும் மக்சிக்கின் நாலு தமிழ்ச் சொல்லும் கலந்த ஒரு பேச்சில் இருவரும் சாக்கடையின் இருபக்கமும் நின்றுகொண்டு மணிக்கணக்கில் எருவைப் பற்றிப் பேசுவார்கள். “ரெசெக்கி, ஜாங்கான் தோலாக்” என்பார் மக்சிக். கடவுள் கொடுப்பதைத் தள்ளிவிடாதே என்று அர்த்தம். நத்தைகளைப் பொறுக்கிப் போடும்போதுகூட அதையே சொல்லி அம்மாவைச் சிரிக்க வைப்பார்.

அந்தச் சமயத்தில் எங்கள் தாமான் கோயிலின் மண்டபத்தில் ‘ஃபூட் பேங்க்’ ஒன்று தொடங்கினார்கள். பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை. கல்யாணம் காதுகுத்து நடக்கும் மண்டபம், எப்படியும் பூட்டித்தான் கிடந்தது. முடிந்தவர்கள் அரிசி, எண்ணெய், மீஹூன் என்னும் அரிசிச் சேமியா, சார்டின் டின், பிஸ்கட் என்று கொண்டுவந்து வைப்பார்கள், முடியாதவர்களுக்கு அதைப் பை பையாகக் கட்டி அனுப்புவார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் லெட்சுமி அக்கா. பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்திக்கொண்டிருந்தவர், அவருக்கும் பிழைப்புப் போயிருந்தது. உரத்த குரல். திட்டுகிறாரா பேசுகிறாரா என்று புதிதாகக் கேட்பவர்களுக்குப் புரியாது. ஒருநாள் அம்மா வீட்டுக்குப் போக மிஞ்சிய கீரையில் நாலு கட்டை மண்டபத்துக்குக் கொண்டுபோனார். லெட்சுமி அக்கா அதை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, “ஐயோ செல்வி, பச்சையா ஒரு பொருளை இங்க பார்த்து எத்தனை நாளாச்சு! டின்னு, டின்னு, டின்னு. புள்ளைங்க எல்லாம் சார்டினும் மீஹூனும் தின்னு தின்னு வயிறு கட்டிக்கிட்டுக் கெடக்குதுங்க” என்று கத்தினார்.

மிஞ்சினதைக் கொடுப்பது வேறு, கொடுப்பதற்கென்றே நடுவது வேறு. அம்மா அன்று வீட்டுக்கு வந்ததும் மறுபடி மண்வெட்டியை எடுத்தார். இருந்த பாத்திகளுக்குப் பக்கத்தில் இன்னொரு நீளப் பாத்தி. “இது மண்டபத்துக்கு. இதுல யாரும் கை வைக்கக்கூடாது” என்று எனக்கும் தம்பிக்கும் சொன்னார். மக்சிக் தீமாவிடம் சொல்ல, அவரும் ஒரு பாத்தி கூடுதலாகப் போட்டார். எதிர்வரிசையில் பள்ளி மாஸ்டர் ஒருவர், அவர் பக்கத்து வீட்டுச் சீனத்து அங்கிள், மூலைவீட்டில் மருத்துவமனைக்கு வேலைக்குப் போகும் ஓர் அக்கா என்று சந்து முழுக்க ஒவ்வொருவரும் ‘மண்டபத்துப் பாத்தி’ ஒன்று வைத்துக்கொண்டார்கள். சீனத்து அங்கிளின் ‘சாவி’க் கீரைதான் எல்லாவற்றிலும் செழிப்பு. அதற்கு அவர் என்ன போடுகிறார் என்று அம்மா கேட்டபோதெல்லாம் அவர் சிரித்ததோடு சரி, கடைசிவரை சொல்லவில்லை.

அப்பாவுக்கு இதில் அவ்வளவாக உடன்பாடில்லை. முச்சந்திக் கடைக்காரர், கீரை எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். “வீட்டுல என்ன நெலமைனு தெரிஞ்சுதான் பண்றியா? நாலு கட்டு வித்தா தம்பிக்குப் பால் பவுடர் ஆச்சு” என்றார். அம்மா சண்டை போடவில்லை. “விக்கிறதுக்கும் பாத்தி இருக்கு. அதை வித்துக்குங்க. இதை மட்டும் விட்டுருங்க” என்றார். அம்மாவின் குடும்பம் அவருடைய சின்ன வயதில் செர்காம் பக்கத்து எஸ்டேட்டில் வேலை நின்றுபோய் வெளியேறி வந்தது. பசியைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே கிடையாது, ஆனால் சாப்பாட்டுத் தட்டில் யாராவது சோற்றை மிச்சம் வைத்தால் முகம் மாறிவிடும். அப்பா அதை அறிந்தவர். போய் வேனைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஆனால் அப்பாவைத்தான் அந்த வேலை பிறகு முழுதாக இழுத்துக்கொண்டது. மண்டபத்துக்கு வந்து வாங்கிப்போகப் பலருக்குக் கூச்சம், சிலருக்கு வண்டி இல்லை, சிலருக்கு வெளியே வரவே பயம். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வண்டி வேண்டும் என்று பேச்சு வந்தபோது, லெட்சுமி அக்கா நேராக எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். “மணியம், வேனைச் சும்மா நிறுத்தி வச்சு என்ன அழகு பார்க்கிற?” பிள்ளைகள் உள்ள எந்த வீட்டில் கஷ்டம் என்று விசாரிக்க வேண்டுமே என்று அவர் யோசித்தபோது அப்பா சொன்னார்: “விசாரிக்க என்னக்கா இருக்கு? எந்த கேட்டுல எந்தப் புள்ள சாப்பிடாம வந்து ஏறும்னு எனக்குத் தெரியும்லா. கண்ணாடியில பார்த்துக்கிட்டுத்தானே ஓட்டுறேன்.”

எனக்கு அது அதுவரை தெரியாது. அப்பா கண்ணாடியில் பார்ப்பது நாங்கள் சேட்டை செய்கிறோமா என்று கண்காணிக்கத்தான் என்று நினைத்திருந்தேன்.

காவல் நிலையத்தில் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, வாரம் ஒருமுறை வேன் கிளம்பியது. ஒரு வண்டியில் ஒரே வீட்டார் இருவர் போகலாம் என்று அதற்குள் தளர்த்தியிருந்ததால் நானும் கூடப் போனேன். பின் இருக்கைகளில் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் அரிசிப் பைகள், அவற்றின் மேல் கீரைக் கட்டுகள், பயத்தங்காய், வாழைப்பூ, வாசனைக்குப் போடும் மக்சிக்கின் பண்டான் இலைகூட. அப்பா பள்ளிக்குப் போகும் அதே தடத்தில், அதே வரிசையில் போனார். வேறு மாதிரி போகத் தெரியவில்லை என்றார். ஒவ்வொரு கேட்டுக்கு முன்பும் வேகத்தைக் குறைத்து, பழகிய விதத்தில் ஹார்ன் அடிப்பார். பிள்ளைகள் ஓடிவருவார்கள். வேனுக்குள் என்னைப் பார்த்துக் கை காட்டிவிட்டு, பையை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடுவார்கள்.

முதல் தடவை போனபோது அடுக்குமாடியில் கீழ்வீடு ஒன்றில் நடந்ததை நான் மறக்கமுடியாது. அங்கே துர்கா என்று முதலாம் ஆண்டுப் பிள்ளை. பள்ளியில் சேர்ந்து சில வாரம்தான் போயிருந்தாள், அதற்குள் மூடிவிட்டார்கள். ஹார்ன் சத்தம் கேட்டதும் கதவு திறந்தது. துர்கா வெளியே வந்தாள். நீலப் பினஃபோர் போட்டிருந்தாள், அவசரத்தில் ஒரு பக்கப் பட்டியை மாட்டவில்லை. முதுகில் அவளைவிடப் பெரிய புத்தகப்பை. கையில் தண்ணீர்ப் போத்தல். நேராக ஓடிவந்து வேன் கதவைப் பிடித்து இழுத்தாள். கதவு திறந்ததும் உள்ளே அவள் இருக்கையில் கங்கோங் கட்டுகள்.

“ஸ்கூல் இல்லடா கண்ணு” என்றார் அப்பா. “இன்னும் தொறக்கல.”

அவள் அழவில்லை. கீரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அப்ப இது எல்லாம்தான் ஸ்கூலுக்குப் போகுதா?” என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு பையை எடுத்தார்.

அவளுடைய அம்மா பரிமளா அக்கா பின்னாலேயே வந்தார். கணவர் சிங்கப்பூரில் வேலை. வாரக் கடைசிகளில் வந்து போய்க்கொண்டிருந்தவர், எல்லையை மூடியதில் அங்கேயே மாட்டிக்கொண்டார். பரிமளா அக்கா ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவர், அந்தக் கடையும் மூடிவிட்டது. அப்பா பையை நீட்டினார். பரிமளா அக்கா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். சிரித்த முகமாகத்தான் சொன்னார்: “எங்களுக்கு வேண்டாம்ணே. எங்களுக்கு இருக்கு. இல்லாதவங்க வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுங்க.”

அப்பா வற்புறுத்தவில்லை. பை வேனுக்குள் திரும்பி ஏறியது. வேன் நகர்ந்தபோது துர்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாரமும் அப்பா அந்த கேட்டில் நிறுத்தினார். அதே பதில். அதற்கடுத்த வாரமும் நிறுத்தினார். “அவங்கதான் வாங்கமாட்டாங்களே, எதுக்குப்பா நிப்பாட்டுறீங்க?” என்று கேட்டேன். “வாங்கலைன்னா என்ன? அந்தப் புள்ளய ஒரு தடவ பார்த்துட்டுப் போகலாம்ல” என்றார்.

இதற்கிடையே எங்கள் வீட்டில் நிலைமை இறங்கிக்கொண்டே வந்தது. கீரை விற்ற காசு தம்பியின் பால் பவுடருக்கும் மின்சாரத்துக்கும் போனது. வேனுக்கு வங்கித் தவணை ஒத்திவைத்திருந்ததால் அது மட்டும் பிழைத்தது. அரிசி டின்னின் அடிப்பாகத்தைக் குவளை தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மரவள்ளிக் கிழங்கு அவித்து மிளகாய்ச் சம்பால் வைத்துக் கொடுப்பார் அம்மா. இல்லையென்றால் கஞ்சி. கஞ்சிக்கு முருங்கைக்கீரை. முதல் வாரம் அது நன்றாகத்தான் இருந்தது. பிறகு முருங்கைக்கீரையைக் கண்டாலே தம்பி வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். அப்படியிருந்தும் மண்டபத்துப் பாத்தியை அம்மா தொடவில்லை. அதில் பயத்தங்காய் கொத்துக் கொத்தாய்த் தொங்கியது.

அரிசிப் பைகளை அடுக்கிக்கொண்டு ஊரெல்லாம் போய்க் கொடுத்துவிட்டு வருகிற அப்பா, வீட்டுக்கு வந்து அந்தக் கஞ்சியைத்தான் குடித்தார். “மண்டபத்துல ஒரு பை கேட்டா என்னங்க?” என்று அம்மா ஒருநாள் மெல்லக் கேட்டார். அப்பா, “எடுத்துக்கிட்டுப் போறவனே எடுத்துக்கிட்டான்னு ஒரு வாய் சொன்னா போதும் செல்வி, அப்புறம் அந்த வேனை நான் எடுக்க முடியாது. பொதுச் சோறு. அதுல கை வச்சான்னு பேரு வரக்கூடாது” என்றார். பிறகு எங்களைப் பார்த்து, “வீட்டு அடுப்பைக் கொண்டுபோய் ரோட்டுல வைக்கக்கூடாது” என்றார். அது எங்கள் வீட்டுப் பழமொழி. வீட்டுச் சங்கதியை வெளியே சொல்லாதே என்பதற்கு அவர் எப்போதும் அதைத்தான் சொல்வார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை, துர்கா கேட்கிறவரைக்கும்.

அந்த வாரம் வெயில் கொளுத்தியது. அப்பா அந்த கேட்டில் நிறுத்தி, வழக்கம்போல் பரிமளா அக்காவிடம் பேச இறங்கினார். துர்கா என் பக்கத்துச் சன்னலுக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். முகக்கவசம் மூக்குக்குக் கீழே இறங்கியிருந்தது. அவளுக்குப் பேச ஆளில்லாமல் இருந்திருக்க வேண்டும். பூனை குட்டி போட்டதைச் சொன்னாள், கைப்பேசியில் வகுப்பு நடக்கும்போது ஆசிரியை உறைந்துபோய் நிற்பதைச் செய்து காட்டினாள். அப்புறம், “அக்கா, உங்க வீட்டுல இன்னிக்கு என்ன சாப்பாடு?” என்றாள்.

“கஞ்சி” என்றேன்.

“நேத்து?”

“நேத்தும் கஞ்சிதான்.”

அவள் முகம் மலர்ந்தது. தன்னை மாதிரியே இன்னொருத்தியைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். திரும்பி, அடுக்குமாடி முழுக்கக் கேட்கும்படி, “அம்மா! வேன்காரங்க வீட்டுலயும் கஞ்சிதாம்மா! நேத்தும் கஞ்சியாம்!” என்று கத்தினாள்.

அப்பா பேச்சைப் பாதியில் நிறுத்தினார். அவருடைய காது மடல் சிவந்துபோனதை நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். பரிமளா அக்கா முதலில் மகளை அதட்ட வாயெடுத்தார். அப்பாவைப் பார்த்தார். திறந்துகிடந்த வேன் கதவையும் உள்ளே அடுக்கியிருந்த பைகளையும் பார்த்தார்.

“என்னண்ணே இது? வண்டி நெறைய அரிசி வச்சிருக்கீங்க. நீங்க எடுத்துக்கிறது இல்லையா?”

“நமக்கு எதுக்கும்மா?” என்றார் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு. “நமக்கு இருக்கு. இல்லாதவங்களுக்குப் போகட்டும்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது யார் சொன்ன வார்த்தை என்று உறைத்திருக்க வேண்டும். பரிமளா அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கையில் கண்ணில் தண்ணீர் வந்து முகக்கவசத்துக்குள் இறங்கியது. “ரெண்டு பேரும் ஒரே பொய்யைத்தான் மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம்” என்றார். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைக்காரரிடம் பேரம் பேசுவதுபோல் கறாராகச் சொன்னார்: “இங்க பாருங்கண்ணே. நீங்க ஒரு பை எடுத்துக்குங்க, நான் ஒரு பை வாங்கிக்கிறேன். நீங்க எடுக்கலைன்னா எனக்கும் வேண்டாம். நாளைக்கு யாராச்சும் கேட்டா, நான் சொல்றேன், நான்தான் எடுக்க வச்சேன்னு.”

 துர்கா என் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்து லேசாக இழுத்தாள். அவர் வேனின் பின்பக்கம் போய் இரண்டு பைகளை எடுத்தார். ஒன்றைப் பரிமளா அக்காவின் கையில் கொடுத்தார். மற்றொன்றைக் கொண்டுவந்து முன்னிருக்கையில், என் காலடியில் வைத்தார். வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் சாலையோரம் நிறுத்திவிட்டு, முகக்கவசத்தைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அன்றைய சுற்று முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே மண்டபத்துக்குத்தான் விட்டார். லெட்சுமி அக்கா வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்தார். “அக்கா, இன்னிக்கு ஒரு பை நான் எடுத்துக்கிட்டேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றார் அப்பா. லெட்சுமி அக்கா எழுந்து இடுப்பில் கை வைத்தார். பிறகு திட்டத் தொடங்கினார். நாலு வீடு தள்ளிக் கேட்டிருக்கும். “உன்னை நம்பித்தானே அத்தனை வீட்டுச் சோத்தையும் குடுத்து அனுப்புறேன், உன் வீட்டுச் சோத்தைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையா? செல்வி வாரா வாரம் கீரை கொண்டாந்து வைக்கிறா, அவ முகத்தைப் பார்த்தும் எனக்குத் தெரியலையே, நான் என்ன மனுஷி!” என்று கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டே ஒரு பால் பவுடர் டின்னையும் சீனியையும் பையில் திணித்தார். “இனிமே கடைசி கேட்டு உன் கேட்டு. அங்கயும் ஹார்ன் அடிக்கணும், சொல்லிட்டேன்.”

வீட்டில் அம்மா அந்தப் பையைப் பிரித்து எல்லாவற்றையும் மேசைமேல் எடுத்து வைத்தார். அரிசி, எண்ணெய், டின், பால் பவுடர். அடியில் ஒரு கீரைக்கட்டு இருந்தது, வாழைநாரால் கட்டியது. அது மக்சிக் தீமாவின் கட்டு. அவர் மட்டும்தான் நாரால் கட்டுவார். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று உலை கொதித்து, சோறு வடித்து, கீரையைக் கடைந்து, சார்டினைப் புளிக்குழம்பாக வைத்து நாங்கள் சாப்பிட்டோம். தம்பி மூன்று தடவை சோறு கேட்டான். அம்மா மூன்று தடவையும் போட்டார்.

மறுநாள் காலை அம்மா மிளகாய் நாற்றும் தக்காளி நாற்றும் பழைய பெயிண்ட் வாளிகளில் மாற்றி நட்டு, அடுத்த சுற்றில் துர்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். “வாங்குற கை குடுக்கவும் செஞ்சா கூச்சம் போயிரும்” என்றார். அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது. பரிமளா அக்கா அந்த வாளிகளை வெயில் விழும் நடைபாதையில் வரிசையாக வைத்தார். மேல்மாடிக்காரர்களும் பார்த்துவிட்டு வாளி கேட்டார்கள். இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் ஹார்ன் அடித்ததும் துர்கா இரண்டு கையையும் குவித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். கைக்குள் சின்னச் சின்னப் பச்சைமிளகாய்கள். “இது ஃபூட் பேங்க்குக்கு” என்றாள். அப்பா அதை ஒரு பெரிய சரக்குபோல இரண்டு கைகளாலும் வாங்கி, வண்டிக்குள் தனி இருக்கையில் வைத்தார். அவள் அந்த இருக்கையைச் சரிபார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போனாள்.

பள்ளிகள் ஒருவழியாகத் திறந்தன. வேனைக் கழுவிக் கழுவிப் பார்த்தும் முதல் சில வாரங்களுக்குப் பிள்ளைகள், “அங்கிள், வேன்ல கீரை நாத்தம் அடிக்குது” என்றார்கள். நான் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போய்விட்டேன், வேறு பள்ளி, வேறு பேருந்து. துர்காவின் அப்பா எல்லை திறந்த மாதமே வந்து சேர்ந்தார். ஓர் ஆண்டு கழித்து அந்தக் குடும்பம் ஜொகூர் பாருவுக்குக் குடிபோனது. போவதற்கு முன் பரிமளா அக்கா வீட்டுக்கு வந்து அம்மாவோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். பெயிண்ட் வாளிகளை அடுக்குமாடியில் யார் யாரிடம் விட்டுப்போகிறார் என்பதையும் சொன்னார்.

இப்போது நான் சிரம்பானில் தாதியர் கல்லூரியில் படிக்கிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பின்கதவைத் திறந்தால் பின்சந்து முழுக்கச் சிமெண்டு. சாக்கடையை அகலப்படுத்தித் தளம் போட்டுவிட்டார்கள். மழைக்குத் தண்ணீர் நிற்பதில்லை, கொசுவும் குறைந்திருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. மக்சிக் தீமா மகளோடு ஷா ஆலாமுக்குப் போய்விட்டார். அவர் வீட்டில் இப்போது ஓர் இளம் தம்பதி இருக்கிறார்கள், பின்கதவைத் திறப்பதே இல்லை. சீனத்து அங்கிள் காலமாகிவிட்டார். அந்தச் சாவிக்கீரைக்கு என்ன போட்டார் என்பதும் அவரோடு போயிற்று. அப்பா வேனை விற்றுவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறார். அம்மா முன்வாசலில் தொட்டியில் கறிவேப்பிலை மட்டும் வைத்திருக்கிறார். “பழைய மாதிரி நட இடமில்லையேம்மா” என்று நான் சொன்னால், “இப்ப எல்லாரும் காசு குடுத்துக் காய் வாங்குறாங்க. அதை நெனச்சுச் சந்தோஷப்படு” என்கிறார்.

சந்தோஷம்தான். ஆனாலும் மனதில் ஒன்று தீராமல் இருந்தது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டுக்கு வந்த அரிசியை யார் வாங்கிக் கொடுத்தார்கள்? தம்பி குடித்த பாலை யார் கொடுத்தார்கள்? கீரையை யார் நட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களை ஒருமுறை நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தது. போன விடுமுறையில் மண்டபத்துக்குப் போய் லெட்சுமி அக்காவிடம் கேட்டேன். அங்கே மறுநாள் ஒரு கல்யாணம். ஃபூட் பேங்க் இருந்த மூலையில் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது, குரல் மட்டும் குறையவில்லை.

“யாரு குடுத்தாங்கன்னா? யாரோ குடுத்தாங்க” என்றார். “உங்க அம்மா போட்ட கீரையையும் யாரோதான் தின்னாங்க. அவங்க யாராச்சும் உங்க வீட்டைத் தேடிக்கிட்டு வந்தாங்களா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“நல்லா இருக்காங்கன்னு வச்சுக்க” என்றார். பிறகு, “வந்ததுதான் வந்த, அந்தப் பக்கம் பிடி” என்று ஒரு நீள மேசையின் மறுமுனையைக் காட்டினார். நான் பிடித்தேன். நாளைக்குப் பந்தி நடக்கப்போகும் இடத்துக்கு இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு போனோம்.